குப்பைக் கோழியாரும் ஒன்பதாம் வகுப்பும்

1

"முதலிடம், ஆப்சென்ட்" என்று திரையைப் பார்த்துப் படித்திருக்கிறாள் என் மனைவி. வகுப்பு சிரித்தது. "இரண்டாமிடம், கரண்ட் போச்சு." மறுபடியும் சிரிப்பு. "மூன்றாமிடம், மிஸ் நான் இல்லை." தன் முகத்தில் சலனமே காட்டவில்லை என்று சொன்னாள். நம்புகிறேன். வீட்டிலும் அவளுக்கு அந்த முகம் உண்டு.

எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் அவள் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாது. எனவே பாடம் முடிந்தபின் வினாடிவினா ஆட்டம் கம்ப்யூட்டர் அறையில் நடக்கும். இருபது இயந்திரம், நாற்பது பிள்ளைகள், ஒன்றுக்கு இருவர். திரையில் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணைத் தட்டி, தங்களுக்கு ஒரு பெயரை இட்டுக்கொண்டு இருவரும் உள்ளே நுழைய வேண்டும். என்ன பெயர் என்பது அவர்கள் இஷ்டம். தகராறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பக்கத்து அறை ஆசிரியர் இதை ஒழுங்கீனம் என்றார். இன்னொருவர், விளையாட்டுத்தானே, விடுங்கள் என்றார். அன்று இரவு சாப்பிடும்போது அவள் என்னைக் கேட்டாள்: "இந்தப் பேரையெல்லாம் படிக்கறதா, தூக்கறதா? நீங்கதான் பெரிய விமர்சகராச்சே, சொல்லுங்க." கிண்டலாகத்தான் கேட்டாள். நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. "படி" என்றேன். ஒரு சொல் தீர்ப்பு. நம் சூழலில் இதைவிடச் சுருக்கமான விமர்சனம் வந்ததில்லை என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தத் தீர்ப்புக்கு விலை கொடுத்தது நானல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். கவிதைக்கும் விமர்சனத்துக்குமான பத்திரிகையில் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர் எதற்கு என்று கேட்பவர்கள், கடைசிப் பகுதிவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

ஆட்டத்தின் பெயர் காஹூட். நார்வேயிலிருந்து வந்தது. த்ரோன்ஹைம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப் இங்கே வாங் என்ற பேராசிரியர் செய்த ஆராய்ச்சியை அடியொட்டி உருவாகி, 2013ல் வெளிவந்தது. கேள்வி பெரிய திரையில் தோன்றும். பதில்கள் நாலு வர்ணத்தில் நாலு வடிவமாக இருக்கும்: சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம். சரியான விடைக்கு அதிகபட்சம் ஆயிரம் புள்ளி; தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் முதல் ஐந்து பெயர்கள் மட்டும் திரைக்கு வரும். முடிவில் மூன்று பேருக்கு மேடை. 2020ல் கொரோனா வந்து வகுப்புகள் வீட்டுக்குள் போனபோது இந்த மாதிரி ஆட்டங்கள் நம் பள்ளிகளிலும் பரவின. தொற்று போனது, ஆட்டம் தங்கிவிட்டது.

இந்த அமைப்பில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பெயர்களும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. பின்னணியில் ஒரு சங்கீதம் ஓடுகிறது. எல்லோரும் வந்து சேரும்வரை பெயர்கள் அங்கே நிற்கின்றன. ஆட்டம் தொடங்கியபின் ஐந்து பெயர்களுக்குத்தான் இடம். எந்த வகுப்பிலும் அந்த ஐந்தில் வரக்கூடியவர்கள் யார் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் திரையில் கிடைப்பது தொடக்கத்தில் வரும் அந்த ஒரு நிமிஷம் மட்டுமே. புள்ளி வாங்கத் தெரியாத பையனின் ஒரே பிரசுரம் அது. அவன் அந்த ஒரு நிமிஷத்துக்கு உழைக்கிறான். கேள்விக்குப் பதில் தெரியாதவனுக்கு மொழி தெரியாது என்று யார் சொன்னது?

முந்நூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியை நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புகிற நமக்கு இது புரியாத விஷயமாக இருக்கக் கூடாது.

பெயர்களைச் சற்றுக் கவனித்துப் பார்த்தேன். மனைவி எனக்காக ஒரு நோட்டில் குறித்துவைத்தாள். பாதிக்கு மேல் வெறும் சத்தம்: சினிமா நட்சத்திரம், சாப்பாட்டுப் பண்டம், பக்கத்து பெஞ்சுக்காரனின் பெயர். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நம் கவிதைகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். மீதியில் ஓர் உத்தி இருக்கிறது. 'ஆப்சென்ட்' என்பது வேறெங்கும் வேடிக்கையில்லை. வருகைப் பதிவேட்டில் தினமும் அந்தச் சொல்லை எழுதுகிற கை யாருடையதோ, அவர் வாயால் 'முதலிடம், ஆப்சென்ட்' என்று சொல்லவைக்கும்போதுதான் அது வேடிக்கை. பையன் எழுதியது பாதி. மறுபாதி ஆசிரியையின் குரலில் இருக்கிறது. அவர் படிக்காமல் படைப்பு பூர்த்தியாகாது. வாசகனின் பங்கைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். வாசகனை இவ்வளவு நிர்த்தாட்சண்யமாக வேலை வாங்கிய பிரதியை நான் பார்த்ததில்லை.

3

உத்தி புதிதல்ல. பி.ஏ.யில் ஹோமரை வசன மொழிபெயர்ப்பில் பரீட்சைக்காகப் படித்தேன். ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் மாட்டிக்கொண்ட ஒடிஸியஸ் தன் பெயர் 'யாருமில்லை' என்கிறான். பிறகு அரக்கனின் கண்ணைக் குத்துகிறான். அலறல் கேட்டு ஓடிவந்த மற்ற அரக்கர்களிடம், தன்னைக் கொல்வது யாருமில்லை என்று இவன் கத்த, அவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். பெயரை வைத்தவன் ஒடிஸியஸ். வேலை செய்தது அரக்கனின் வாய். 'ஆப்சென்ட்' இந்தக் குலத்தில் பிறந்தது. பலவீனன் பலவானின் குரலைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்குகிறான்.

கதை அங்கே முடியவில்லை. தப்பித்துக் கப்பலேறியபின் ஒடிஸியஸால் சும்மா இருக்க முடியவில்லை. தன் நிஜப் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் உரக்கக் கூவிச் சொல்கிறான். பெயர் தெரிந்தபிறகுதான் அரக்கனால் சாபம் கொடுக்க முடிகிறது. ஒடிஸியஸ் தன்னந்தனியாக, வெகுகாலம் கழித்துத்தான் ஊர்போய்ச் சேருகிறான். ஒன்பதாம் வகுப்பிலும் இதேதான். 'ஆப்சென்ட்' முதலிடம் வந்ததும் கடைசி வரிசையில் ஒரு கை மேலே போயிருக்கிறது. "நான்தான் மிஸ், நானும் இவனும்." முகமூடி போட்டவனுக்கு முகமூடியைக் கழற்றும் நிமிஷமும் வேண்டியிருக்கிறது. புனைபெயரில் எழுதுகிற எவரும் இதை மறுக்க மாட்டார்கள். நான் மறுக்கவில்லை.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பாடியவர் பெயர் தெரியாமல் போன இடங்களில் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள். செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் ஆகிய பெயர்களை மேடைக்கு மேடை சொல்லிச் சிலாகிக்கிறோம். அதே குறுந்தொகையில் குப்பைக் கோழியார் என்றொருவர் இருக்கிறார். அவரை மேடையில் யாரும் இழுப்பதில்லை. குப்பையைக் கிளறுகிற கோழி. அதற்கு ஓர் 'ஆர்' விகுதி. இந்தப் பெயர் எந்த வகுப்பறைத் திரையிலும் வந்து விழக்கூடியது. எந்த ஆசிரியரும் அதைத் தூக்கியிருப்பார். தொகுத்தவர் தூக்கவில்லை. மரியாதை விகுதி போட்டு நிறுத்தினார். பெயர் தெரியாத ஒருவனின் படைப்பை அவர் படித்திருந்தார். அதனால் மரியாதை வந்தது. என் 'படி'க்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா என்று அன்று நினைத்தேன்.

4

ஆசிரியர்கள் செய்வதை நான்காகப் பிரிக்கலாம். நம் விமர்சகர்களும் இந்த நான்கில் அடங்குவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் வகை, தூக்குகிறவர். ஆட்டத்தில் ஆசிரியர் ஒரு பெயரின்மேல் தட்டினால் அது வெளியேறிவிடும். கைக்கு அடக்கமான அதிகாரம். வெளியேற்றப்பட்டவன் வேறு பெயரோடு மறுபடி நுழைவான். அதையும் தூக்க வேண்டும். பத்து நிமிஷம் இந்த ஆட்டமே நடந்து, கேள்விக்கு நேரமில்லாமல் மணி அடித்துவிடுவதும் உண்டு.

இரண்டாம் வகை, ஏற்பாடு செய்கிறவர். செயலியே பெயர் தயாரித்துக் கொடுக்கும்படி ஒரு வசதி இருக்கிறது. வம்பில்லாத சொற்களை ஒட்டி ஒரு பெயர் வரும். பிள்ளைகள் அதைத்தான் ஏற்க வேண்டும். யாருக்கும் வலிக்காது, யாருக்கும் சிரிப்பும் வராது. பரிசுக்குழுக்கள் தேர்ந்தெடுக்கும் நாவல்களைப் போன்ற பெயர்கள். இதே மாதிரி இன்னொரு ஆட்டம், பெங்களூரில் 2015ல் தொடங்கிய குவிஸிஸ், 2025ல் தன் பெயரையே வேகிரவுண்ட் என்று மாற்றிக்கொண்டது. கம்பெனி பெயர் மாற்றிக்கொள்ளலாம், பையன் கூடாது.

மூன்றாம் வகை, பதிவேட்டுக்காரர். "சொந்தப் பெயர், இனிஷியலோடு. இல்லாவிட்டால் ரோல் நம்பர்." இதில் ஒரு நியாயம் தெரிகிறது. யாருக்கு எது தெரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் பதிவேட்டுப் பெயர் சுத்தமானது, பட்டப்பெயர் அழுக்கானது என்ற அனுமானத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வங்கியில் குமாஸ்தா. பாஸ்புக்கில் உள்ள பெயர்களை உரக்கப் படிப்பது என் தொழிலில் ஒரு பகுதி. ஒருநாள் படித்த பெயர் 'வேண்டாம்'. பெண் குழந்தைகளாகவே பிறந்த வீட்டில், அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு வைக்கும் பெயர். போதும்பொண்ணு என்றும் வைப்பார்கள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. வந்து கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அறுபது வருஷமாக ஆதார் அட்டைவரை தொடர்ந்து வந்திருக்கிற ஒரு பட்டப்பெயர் அது. வைத்தவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்லர், பெற்றவர்கள். படித்த வாய் என்னுடையது.

நான்காம் வகை, படிக்கிறவர். முகத்தில் சலனமில்லாமல், மற்றப் பெயர்களைப் படிக்கும் அதே குரலில் படிப்பவர். இதற்குத் தைரியம் வேண்டும். தான் ஏமாற்றப்படுவது தெரிந்தே ஏமாறுகிற ரசனை வேண்டும். நான் பரிந்துரைத்தது இதை.

நாட்டளவில் இதற்கு உதாரணம் உண்டு. 2016ல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் குழு, துருவப் பகுதிக்குப் போகும் தன் புதுக் கப்பலுக்குப் பெயர் சொல்லுமாறு ஜனங்களைக் கேட்டது. போட்டி மெக்போட்ஃபேஸ் என்ற பெயர் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டோடு ஜெயித்தது. படகப்பன் படகுமூஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம். அரசாங்கம் முழித்தது. கடைசியில் கப்பலுக்கு ஸர் டேவிட் அட்டன்பரோ என்ற கௌரவமான பெயரை வைத்து, அதில் போகும் ஆளில்லா மஞ்சள் நீர்மூழ்கி ஒன்றுக்கு ஜனங்கள் ஜெயிக்கவைத்த பெயரை வைத்தார்கள். தூக்கவுமில்லை, முழுக்கப் படிக்கவுமில்லை. கெட்டிக்காரத்தனமான ஆசிரியர்.

ஆனால் அந்தச் சிரிப்பில் யாருக்கும் நஷ்டமில்லை. கப்பலுக்கு மனசில்லை. நான் பார்க்கத் தவறியது இதைத்தான்.

5

ஆறு வாரம் என் தீர்ப்பு வேலை செய்தது. மனைவி படித்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள், ஆங்கில வகுப்புக்குப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஏழாம் வாரம் திரையில் வந்த பெயர்களில் ஒன்று: 'இஸ்திரிப்பெட்டி'.

தூக்கவேண்டிய பெயர் என்று இதை யார் சொல்வார்கள்? செயலியில் கெட்ட வார்த்தைகளுக்கு ஒரு வடிகட்டி உண்டு. அதற்கு இஸ்திரிப்பெட்டி ஒரு வீட்டுச் சாமான். அவளுக்கும் அப்படித்தான். 'சாம்பார் வாளி'க்கும் 'ஓட்டை ஃபேன்'க்கும் நடுவில், அதே சலனமில்லாத முகத்தோடு 'இஸ்திரிப்பெட்டி' என்று படித்தாள். வகுப்பு சிரித்தது. இரண்டு விநாடி அதிகமாகச் சிரித்தது. அந்த இரண்டு விநாடிதான் அவளைத் திரும்பிப் பார்க்கவைத்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் திரையைப் பார்க்கவில்லை. தன் எதிரே இருந்த விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா, பள்ளிக்குப் போகும் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர். என் சட்டையும் அங்கேதான் போகிறது.

இதற்குப் பெயர் கேலியில்லை. தொழிலைச் சொல்லிச் சாதியைச் சொல்வது. தமிழ்நாட்டில் இதைவிடப் பழைய சங்கேத மொழி இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூனில் வந்த அவருடைய அறிக்கை, கையில் கட்டும் சாதி வர்ணக் கயிறுகளுக்குத் தடை கோரியது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் எவரும் மாணவனை நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றும் சொன்னது. மறைமுகமாகவோ என்ற சொல்லை அப்போது செய்தித்தாளில் படித்துத் தலையாட்டினேன். என் மனைவி அன்று மறைமுகமாக அழைத்தாள். அவளுக்குத் தெரியாமல், அவள் குரலில், என் ஆலோசனையின் பேரில்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னாள்: "நீங்க சொன்னீங்களேன்னுதான் படிச்சேன். என் வாயாலயே சொல்ல வச்சிட்டாங்க." நான் ஒடிஸியஸைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

என் சித்தாந்தத்தின் ஓட்டை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரவல் குரல் என்ற உத்தி பலவீனனுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்திருந்தேன். அது யாருக்கும் சேவகம் செய்யும். 2013 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஆசியானா விமானம் விழுந்து பள்ளி மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். சில நாள் கழித்து அந்த வட்டாரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று விமானிகளின் பெயர்கள் என்று நாலு பெயர்களை வாசித்தது. எழுத்தில் பார்த்தால் கொரியப் பெயர்கள் போலத் தோன்றும். வாயால் சொன்னால் ஆங்கிலத்தில் விபத்தைப் பற்றிய நையாண்டி வாக்கியங்களாகிவிடும். செய்தி வாசித்த பெண் சலனமில்லாத முகத்தோடுதான் வாசித்தார். விசாரணை நடத்திய அரசு அமைப்பில் வேலை பழக வந்திருந்த ஒருவர் அந்தப் பெயர்களைச் சரியென்று உறுதி செய்திருந்தார். பிறகு இரண்டு இடத்திலிருந்தும் மன்னிப்பு வந்தது. உத்தி 'ஆப்சென்ட்'டுடையதேதான். சிரிப்புக்குப் பணம் கட்டியவர்கள் மட்டும் வேறு.

ஒரு பெயர் அசட்டுத்தனமானதா, நல்லதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சிரிப்பு யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது என்பதே முதல் கேள்வி. வங்கிக்காரன் இதைச் சொல்லப் பத்து வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

6

பத்து வருஷம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். சம்பளப் பட்டியலில் உள்ள பெயர் வேறு. இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு பெயரும் ஒருகாலத்தில் இருந்தது. புனைபெயர் நம் மரபில் அவமானமல்ல. சுந்தர ராமசாமி கவிதைக்குப் பசுவய்யா ஆனார், க.நா.சு. மயன் ஆனார். சொ. விருத்தாசலம் தன்னைப் பித்தன் என்றே அழைத்துக்கொண்டு எழுதியதைத்தான் நாம் தமிழ்ச் சிறுகதையின் கௌரவம் என்கிறோம். இவர்களெல்லாம் புதுப்பெயரில் புதுக்காரியம் செய்தார்கள். நான் மூன்றாவது பெயரில் செய்தது வேறு.

ஒரு கவிஞர் தன் முதல் தொகுப்பைக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவர். நான் இந்த மாதிரிப் பத்திரிகை ஒன்றில் அரைப்பக்கம் எழுதினேன். கவிஞருக்குத் தொழிலும் கலையும் ஒன்றே, இரண்டிலும் அசல் அவரிடம் இல்லை என்பது அதன் சாரம். நண்பர்கள் டீக்கடையில் அதைப் படித்துக்காட்டிச் சிரித்தார்கள். எழுதியது யார் என்று அவர்கள் ஊகிக்கும்படி நானும் கொஞ்சம் நடந்துகொண்டேன். கடைசி வரிசையில் உயர்ந்த அந்தக் கைதான். கவிதைகள் சுமார்தான். அதை அவற்றின் வரிகளை எடுத்துவைத்து நான் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்ய மூன்றாவது பெயர் தேவைப்பட்டிருக்காது. கவிதையிலிருந்து விலகி அவருடைய கடைவாசலுக்குப் போனதற்குத்தான் தேவைப்பட்டது. அவர் அடுத்த தொகுப்பு கொண்டுவரவில்லை. என் அரைப்பக்கம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வதும் ஓர் அகம்பாவம். காரணமில்லை என்று நினைத்துக்கொள்வது சௌகரியம்.

இஸ்திரிப்பெட்டி என்று தட்டிய பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தேன். அவனுக்குப் பதினாலு வயசு. அவ்வளவுதான்.

7

மனைவி ஆட்டத்தை நிறுத்தவில்லை. பெயரைத் தயாரித்துத் தரும் வசதிக்கும் போகவில்லை. நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்த முறை அவள் கேட்கவில்லை.

அவள் செய்தது சின்ன விஷயம். இப்போது பெயர்கள் வந்து விழும்போது உடனே உரக்கப் படிப்பதில்லை. சங்கீதம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, எல்லாவற்றையும் முதலில் மனசுக்குள் படிக்கிறாள். புரிந்ததைச் சொல்கிறாள். ஏதாவது ஒன்று இடறினால், எழுதியவர் யாரென்று கேட்பதில்லை. "இது எனக்குப் புரியலையே, யாராவது அர்த்தம் சொல்லுங்க" என்கிறாள். கோபமாக அல்ல, பாடத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பது போல. 'ஆப்சென்ட்' மாதிரிப் பெயருக்கு நாலு பேர் எழுந்து விளக்கம் சொல்கிறார்கள். விளக்கத்திலும் ஒரு சிரிப்பு மிஞ்சுகிறது. ஒருவரைக் குத்துவதற்காக வந்த பெயருக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. அறை அமைதியாகிவிடுகிறது. உரக்கச் சொல்லமுடியாத அர்த்தம் அதற்கு இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவள் அந்தப் பெயர்மேல் ஒரு தட்டுத் தட்டுகிறாள், போய்விடுகிறது. நார்வேக்காரன் வடிகட்டி இந்த வேலையைச் செய்யாது. தெருமுனையில் யார் நிற்கிறார் என்று தெரிந்தவர்கள்தான் செய்யமுடியும்.

விமர்சனம் என்று நாம் செய்துகொண்டிருப்பதில் எவ்வளவு இந்தக் கேள்விக்குத் தாங்கும் என்று யோசிக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம், எழுந்து சொல், அவர் எதிரிலேயே சொல். என்னுடைய அரைப்பக்கம் தாங்காது.

படி என்று நான் சொன்னதில் பிழையில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். படிப்பதற்கு முன்னால் படிக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். குப்பைக் கோழியாருக்கு 'ஆர்' போட்டவர் பாட்டை முழுக்கப் படித்தபிறகுதான் போட்டிருப்பார்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அவளை ஆசிரியை தனியே கூப்பிட்டு வருத்தம் சொன்னாளாம். "பரவாயில்லை மிஸ்" என்று மட்டும் பதில் வந்ததாம். எழுதிய பையன்கள் யாரென்று தெரிந்தது. அது வேறு கதை, அவர்கள் பெற்றோரோடு நடந்தது, சரியாக நடக்கவுமில்லை. இதற்குமுன் ஆட்டத்தில் அவள் தன் தோழியோடு சேர்ந்து என்னென்னவோ பெயர் வைத்துக்கொண்டவள். மனைவியின் நோட்டைப் புரட்டினால், 'கரண்ட் போச்சு' அவர்களுடையது. நல்ல பெயர். அதற்கடுத்த வாரம் அவர்கள் இயந்திரத்திலிருந்து திரைக்கு வந்தது தோழியின் பெயரும் அவள் பெயரும்தான். இருவர் பெயரும், இனிஷியலோடு.

கேலிப்பெயர் வைக்கும் தைரியம் போய்விட்டதா, அதைவிடப் பெரிய தைரியம் வந்துவிட்டதா என்று மனைவியைக் கேட்டேன். தெரியவில்லை என்றாள். கப்பலில் நின்று தகப்பன் பெயரைக் கூவிய ஒடிஸியஸுக்குக் காற்றும் கடலும் எதிரிகளாயின. இந்தப் பெண்ணுடைய இனிஷியல், தெருமுனையில் கரியைக் கிளறிவிட்டுப் பெட்டியை எடுக்கிறவரின் பெயரில் முதலெழுத்து. திரையில் அது இருந்த ஒரு நிமிஷமும் யாரும் சிரிக்கவில்லை என்றாள். உரக்கப் படித்தாயா என்று கேட்டேன்.

"படிச்சேன்" என்றாள்.